கோட்டையில் நடங்கள், முகட்டில் ஓடுங்கள்: சஹ்யாத்ரி மலைப்பாதை ஓட்டம், புதியவர்களுக்கு

புனே நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் சிங்ககட், ராஜ்கட், தோரணா, லோஹகட், விசாபூர், துங், திகோனா என்று மலைக்கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. வானம் தெளிந்திருந்தால் ஒன்றின் மதிலிலிருந்து அடுத்ததைப் பார்க்கலாம். இடையில் புல்முகடுகள், நெல்வயல்கள், நீர்த்தேக்கங்கள், பத்து இருபது வீடுகள் கொண்ட வாடிகள். கோட்டைகளை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகளில் இன்றும் மாடு மேய்ப்பவர்கள் நடக்கிறார்கள். டிரெயில் ரன்னிங் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது. லோக்கல் ரயிலிலோ நகரப் பேருந்திலோ போய் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்துவிட முடியும்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தக் கோட்டைகள் மேலே ஓடிவருபவரைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டவை. வாசல் தூரத்திலிருந்து கண்ணில் படாது. இரு கொத்தளங்களுக்கு நடுவே பாதை சட்டென்று திரும்பிய பிறகுதான் தெரியும். படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று சாண், அடுத்தது முழம். லோஹகட்டில் கணேஷ், நாராயண், ஹனுமான், மகா என்று நான்கு வாசல்கள் வளைந்து வளைந்து ஏறும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. எதிரி மூச்சிரைத்து, வேகம் செத்து, கடைசி வாசலுக்கு வர வேண்டும் என்பதே கட்டியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் பலிக்கிறது. ஆகவே கோட்டைக்குள் நடந்து ஏறுங்கள். ஓட்டத்தைக் கோட்டைகளுக்கு இடையிலுள்ள முகடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் படும் காயங்களில் பெரும்பகுதி இந்த ஒரு ஒழுங்கிலேயே தவிர்ந்துவிடும்.

காலடியில் இருப்பது என்ன

இது தக்காணப் பசால்ட். ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. கெட்டியான அடுக்குகள் செங்குத்துப் பாறைகளாக நிற்கின்றன. இளகிய அடுக்குகள் தேய்ந்து சரிவுகளாகிவிட்டன. அதனால்தான் எந்த மலையைப் பார்த்தாலும் படி வெட்டியதுபோல் தெரிகிறது. மதில் வேலையில் பாதியை இந்தப் பாறைகளே முடித்துக் கொடுத்துவிட்டன.

ஓடுபவருக்கு இதிலிருந்து மூன்று வகைத் தரை கிடைக்கிறது. அடிவாரத்தில் மரநிழலும் வேர்களும் உள்ள மண்பாதை. நடுவில் ‘முரும்’ என்று உள்ளூரில் சொல்லும் சிவந்த சரளை. மேலே மழைநீர் தேய்த்து வழவழப்பாக்கிய வெறும் பாறை. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான். கெட்டித் தரைமேல் உருண்டைச் சரளை கிடப்பதால், கொண்டைக்கடலை கொட்டிய தரையில் இறங்குவதுபோல் கால் உருளும். இப்படிச் சரளை வழுக்கும் இறக்கத்தை இங்கே ‘கசாரா’ என்பார்கள். வழி விசாரிக்கும்போது ஊர்க்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால், இறங்கும் நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

இன்னும் சில சொற்கள் காதில் விழும். கோட்டையின் உச்சிக்குக் கீழே உள்ள அகன்ற தளம் மாச்சி. உச்சியிலுள்ள உள்கோட்டை பாலேகில்லா. கொத்தளம் புருஜ். பாறையில் வெட்டிய நீர்த்தொட்டி டாக்கே. இரு மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய் கிண்ட். வழி கேட்கும்போது “இதுதானே பாதை?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்ற பதில் சுலபமாக வந்துவிடும். “கடாவர் ஜாணாரி வாட் குட்லி?” என்று கேளுங்கள். கோட்டைக்குப் போகும் பாதை எது என்று பொருள். கேட்கப்பட்டவர் கையை நீட்டிக் காட்டியே ஆக வேண்டும்.

கணக்கு உயரத்தில்தான்

சாலையில் ஓடிப் பழகியவர் “மூன்று கிலோமீட்டர்தானே” என்று நினைத்து ஆத்கர்வாடியில் இறங்கிச் சிங்ககட் ஏறத் தொடங்குவார். பாதை மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். ஆனால் ஏற்றம் ஏறக்குறைய 600 மீட்டர். சர்வதேச மலைப்பாதை ஓட்டச் சங்கமான ஐட்ரா பயன்படுத்தும் கணக்கு எளிமையானது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக வைத்துத் தூரத்தோடு கூட்டுங்கள். 2.7 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் சேர்ந்தால் 8.7. சமதளத்தில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுப்பவருக்குச் சிங்ககட் ஏற ஒரு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். இறங்க அரை மணியிலிருந்து முக்கால் மணி. முதல் சில தடவை இந்தக் கணக்கோடு கால்மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரத்தின் கிலோமீட்டர் வேகத்தை மலையில் பார்க்கவே வேண்டாம். பார்த்தால் வேகம் குறைந்த ஏக்கத்தில் காலை முடுக்குவீர்கள்; இருபது நிமிடத்தில் வேர்த்து ஊற்றி உட்கார வேண்டியதாகிவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு: ஏறிய உயரமும் கடந்த நேரமும். ஒரு மணி நேரத்தில் 400 முதல் 500 மீட்டர் ஏறினால் புதியவருக்கு அது நல்ல வேகம்.

எட்டு வாரப் பயிற்சி

சமதளத்தில் நிற்காமல் எட்டு கிலோமீட்டர் ஓட முடிகிறவர் இதைத் தொடங்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் முதலில் அதை எட்டுங்கள். வாரம் மூன்று ஓட்டம் போதும். இரண்டு சமதளத்தில், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஒன்று மட்டும் மேட்டில்.

முதல் இரண்டு வாரம் நகருக்குள்ளேயே இருக்கும் வேதாள் டேக்டி (டேக்டி என்றால் குன்று). ஐந்தாறு கிலோமீட்டர் மண்பாதையில் கால் தூக்கி வைக்கப் பழகுங்கள். மூன்றாம், நான்காம் வாரம் பர்வதி மலையின் 103 படிகள்: வேக நடையில் ஏறி, மெல்ல ஓடி இறங்கி, ஆறு சுற்று. காலையில் அங்கே பெரியவர்கள் நடக்க வருவார்கள், ஓரமாகப் போங்கள். ஐந்தாம் வாரம் சிங்ககட், ஏற்றமும் இறக்கமும் நடைதான். ஆறாம் வாரம் லோஹகட். ஏழாம் வாரம் மறுபடி சிங்ககட். இந்த முறை இறக்கத்தில் பாதியை ஓடுங்கள். எட்டாம் வாரம் கத்ரஜ் முகடு.

சிங்ககட் இறக்கத்தை ஏழாம் வாரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது; இரண்டாம் நாள்தான் மாடிப்படி இறங்க விடாது. ஆனால் ஒருமுறை அளவோடு இறங்கி ஓடிவிட்டால் தசை அதற்குப் பழகி, அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் வெகுவாகக் குறையும். பெரிய ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு ஓர் இறக்கப் பயிற்சி செய்வது அதனால்தான். அதைப் பெரிய ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பு செய்தால் வலியோடுதான் போய் நிற்பீர்கள்.

வீட்டில் வாரம் இரண்டு நாள் இதைச் செய்யுங்கள். ஒரு சாண் உயரப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நொடியில் மெல்ல இறங்குங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. பிறகு ஒற்றைக்காலில் கண்ணை மூடி அரை நிமிடம் நில்லுங்கள். கணுக்கால் புரளாமல் காப்பது பட்டை கட்டுவதைவிட இந்தப் பயிற்சிதான்.

தமிழ்நாட்டிலிருந்து தயாராகிறவர்களுக்குச் செஞ்சி இருக்கிறது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் முகலாயப் படைக்கு ஈடுகொடுத்து 1698 வரை அங்கிருந்துதான் ஆண்டார். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட், லோஹகட் ஆகியவற்றோடு செஞ்சியும் ஒன்று. அங்குள்ள ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரு குன்றுகளையும் ஒரே காலையில் ஏறி இறங்கினால் படிக்குத் தேவையான பயிற்சி கிடைத்துவிடும். சரளை இறக்கத்தை மட்டும் புனேவுக்கு வந்துதான் பழக வேண்டும்.

காலணியும் பையும்

செலவு செய்ய வேண்டியது காலணிக்கு. அடிப்பகுதியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் பற்கள் உள்ள டிரெயில் ஷூ வாங்குங்கள். சாலை ஷூவுக்குச் சரளையில் பிடிப்பு இல்லை. 7, 8 மில்லிமீட்டர் பற்கள் சேற்றுக்கானவை. பாறையில் அவை வளைந்து காலை ஆட வைக்கும். மாலை நேரத்தில், ஓடும்போது போடும் காலுறையோடு போய்ப் போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் முதல் நீண்ட இறக்கத்திலேயே நகம் கறுத்துவிடும்.

சரியான அளவு ஷூவிலும் நகம் கறுப்பது உண்டு. அதற்குக் காரணம் கயிறு. இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் போய் முட்டுகின்றன. தடுக்க வழி: ஷூவின் மேல் ஓரத்தில் பலரும் பயன்படுத்தாமல் விடும் கடைசித் துளையில், கயிற்றை வெளியிலிருந்து உள்ளே விட்டு, அந்தப் பக்கத்திலேயே ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு இடக்கயிற்றை வல வளையத்திலும் வலக்கயிற்றை இட வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கிக் குதிகால் பக்கம் இழுத்து இறுக்குங்கள். அதன்மேல் வழக்கமான முடிச்சு. குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்; விரல்கள் தளர்வாக இருக்கும். கோட்டை உச்சியில், இறக்கம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் செலவழித்து இதை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கால் வீங்கிக் கயிற்றின் இறுக்கம் மாறியிருக்கும்.

பை 5 முதல் 8 லிட்டர், மார்போடு ஒட்டிக் கட்டும் ஓட்டப் பை. முதுகில் குதிக்கும் கல்லூரிப் பை வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் தோளை உரித்துவிடும். உள்ளே: தண்ணீர், தின்பண்டம், தலைவிளக்கு, ஊதல், கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், காற்று புகாத மெல்லிய மேலுடை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வெப்பப் போர்வை. சில்லறை நோட்டுகள் கட்டாயம். மலையில் சிக்னல் போய்விட்டால் மோர்க்கடையில் யுபிஐ வேலை செய்யாது. ஷேர் ஜீப்பிலும் அதே கதைதான். பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பையும் (ஃபோனில் வழிகாட்டும் பாதைப் பதிவு) வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்து, ஓடும்போது ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது.

ஊன்றுகோலைப் புதியவர் விட்டுவிடலாம். பாறைப் பகுதிகளில் இரண்டு கையும் காலியாக இருப்பது அதைவிட முக்கியம்.

ஏறுவது

ஒரு முழு வாக்கியம் பேச முடியாத இடத்தில் நடங்கள். சரிவு கூடும்போது இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து, உள்ளங்கைகளை முட்டிக்கு மேலே தொடையில் ஊன்றி, அடி வைக்கும்போது தள்ளுங்கள். அடி குறுகலாக இருக்கட்டும். பெரிய படியை ஒரே எட்டில் ஏறுவதைவிடப் பக்கத்தில் ஒரு சிறு கல் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு எட்டில் ஏறுவது கெண்டைக்காலைக் காப்பாற்றும். குதிகாலை முடிந்தவரை தரையில் பதியுங்கள். முன்பாதத்திலேயே ஏறிக்கொண்டு போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

முதல் பதினைந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக. தொடக்கத்தில் முந்திப் போகிறவர்களை விட்டுவிடுங்கள். அவர்களில் பலரை நிழல் முடியும் இடத்தில் பார்ப்பீர்கள்.

இறங்குவது

மலைப்பாதை ஓட்டத்தின் உண்மையான கலை இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் பயத்தில் செய்வது மூன்று: பின்னால் சாய்வார்கள், குதிகாலைக் குத்தி நிறுத்தப் பார்ப்பார்கள், காலடியையே பார்ப்பார்கள். மூன்றுமே விழ வைக்கும். பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது. சரளையில் குதிகால் உருண்டு, உட்கார்ந்தபடி விழுவீர்கள். கையை ஊன்றுவீர்கள்; மணிக்கட்டு போகும்.

செய்ய வேண்டியது: உடலைச் சரிவுக்குச் செங்குத்தாக வைத்து, முட்டியை லேசாக மடக்கி, குறுகிய வேகமான அடிகள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்க வேண்டும், முன்னால் அல்ல. ஒரே அடியில் நிற்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு அடிகளில் வேகத்தைக் குறையுங்கள். பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். காலடியில் இருப்பதை நீங்கள் இரண்டு நொடிக்கு முன்பே பார்த்துவிட்டீர்கள். கைகளைச் சற்று விரித்துவிடுங்கள், சமநிலை தானாக வரும்.

சரளை மிகுந்த இடத்தில் பாதையின் நடுவை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். நடுவில் ஆயிரம் கால்கள் பட்டுச் சரளை உருண்டு கிடக்கும். ஓரத்தில் புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருக்கும். பாறை நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் கால் வையுங்கள், காய்ந்திருந்தால் மட்டும். பாறைமேல் தூவிய சரளை எல்லாவற்றிலும் மோசம். அங்கே ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்று பாதைகள்

முதலாவது லோஹகட். புனே–லோனாவளா லோக்கலில் மலவ்லி நிலையத்தில் இறங்குங்கள். விரைவுச்சாலையைக் கடந்து பாஜே கிராமம். அங்கே கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தக் குகைகள் பாதைக்கு மேலே இருக்கின்றன. பாஜேயிலிருந்து ஏறும் பாதை லோஹகட், விசாபூர் கோட்டைகளுக்கு நடுவிலுள்ள காய்முக் கிண்டில் கொண்டுவிடும். இதுவரை ஓட்டமும் நடையும். கிண்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் லோஹகட்வாடி. அங்கிருந்து கோட்டைப் படிகள், நடைதான். உச்சியின் மேற்குப் பக்கம் நீண்டு குறுகிய பாறை வால் ஒன்று உண்டு, பெயர் விஞ்சுகாடா, தேளின் கொடுக்கு. அங்கிருந்து பவனா நீர்த்தேக்கமும் அதற்கு அப்பால் துங், திகோனா முனைகளும் தெரியும். அந்த வாலில் ஓடாதீர்கள். ஒரு பக்கமல்ல, இரண்டு பக்கமும் பள்ளம். போய்த் திரும்ப ஏறக்குறைய 16 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விசாபூரை முதல் தடவையே சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது கத்ரஜிலிருந்து சிங்ககட் வரையான முகடு. ஓட்டக்காரர்கள் இதைக் கே-டூ-எஸ் என்பார்கள். பழைய கத்ரஜ் சுரங்கத்துக்கு மேலே தொடங்கி, சிறிதும் பெரிதுமாகப் பதின்மூன்று மேடுகள் ஏறி இறங்கி, சுமார் 16 கிலோமீட்டர். ஓடுவதற்கு மூன்றிலும் சிறந்தது இதுதான்: திறந்த புல்முகடு, நாலாபுறமும் மலைகள், நகரம் ஒரு பக்கம் கீழே. ஆனால் நிழல் இல்லை, வழியில் தண்ணீர் இல்லை. இரண்டரை லிட்டர் சுமக்க வேண்டும். தவறு நடப்பது மேடுகளுக்கு இடையிலுள்ள கவைகளில். பக்கவாட்டில் பிரியும் மாட்டுப்பாதை அகலமாகவும் சமமாகவும் இருப்பதால் கால் அதற்கே போகும். அது பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டுவிடும். சந்தேகம் வந்தால் முகட்டின் உச்சியை விட்டு விலகாதீர்கள். கடைசி மேட்டிலிருந்து சிங்ககட் சாலைக்கு இறங்குவது நல்ல கசாரா. பலர் இதை நிலவொளியில் நடக்கிறார்கள். முதல் தடவை பகலில் போங்கள்.

மூன்றாவது ராஜ்கட்–தோரணா. எட்டு வாரத்துக்கு அல்ல, அதன்பின் இரண்டு மூன்று மாதம் பழகியவர்களுக்கு. ராஜ்கட் ஏறக்குறைய கால் நூற்றாண்டு சிவாஜியின் தலைநகர். தோரணா 1,403 மீட்டர், புனே மாவட்டத்தின் மிக உயரமான கோட்டை. குஞ்சவனே கிராமத்திலிருந்து காடும் முகடுமாக ஏறிச் சோர் தர்வாசா. இந்த வாசலுக்கு முன்னால் கொஞ்ச தூரம் பாறையில் வெட்டிய பிடிப்புகளும் இரும்புக் கம்பியும்தான் வழி. விடுமுறை நாளில் இங்கே மேலும் கீழும் ஆட்கள் நெருக்குவார்கள். மேலிருந்து இறங்குபவர் முழுதாக வந்தபின் ஏறுங்கள், ஒரு கை எப்போதும் கம்பியில். பத்மாவதி மாச்சியில் தண்ணீர், சாப்பாடு. பிறகு சஞ்சீவனி மாச்சி வழியாக அளு தர்வாசாவில் இறங்கினால் தோரணாவை நோக்கி முகடு நீள்கிறது. இடையில் ஒரு தார்ச்சாலை குறுக்கிடும். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் வெளியேற உள்ள ஒரே நல்ல இடம் அது, யோசிக்காமல் பயன்படுத்துங்கள். கடைசியில் புத்லா மாச்சியின் பாறையும் இரும்பு ஏணியும். களைத்த காலோடு அங்கே வருவீர்கள் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். இறக்கம் வேல்ஹேயில். மொத்தம் 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். நடைப்பயணிகள் பலர் இதற்கு இரண்டு நாள் ஒதுக்குகிறார்கள். தனியாகப் போக வேண்டாம்.

தண்ணீர், தீனி

மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். வெறும் தண்ணீரை மட்டுமே நிறையக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துத் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு பாட்டில் ஓஆர்எஸ், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் என்று மாற்றிக் குடியுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைப் பிரட்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். இரண்டு பெரிய பேரீச்சை ஏறக்குறைய 30 கிராம் தரும். கடலை மிட்டாயும் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் மெல்ல மூச்சு போதாது; சமதளம் வரும்வரை பொறுங்கள். பசித்தபின் தின்பது தாமதம். முதல் முக்கால் மணியிலேயே தொடங்குங்கள். சிங்ககட் உச்சியில் பிட்லா–பாக்ரியும் (கடலைமாவுக் கூட்டும் தானிய ரொட்டியும்) மண்சட்டித் தயிரும் கிடைக்கும், அருமையான சாப்பாடு. இறங்கி ஓட வேண்டியிருந்தால் தயிரும் மோரும் மட்டும்.

டாக்கே தண்ணீரைக் குளோரின் மாத்திரை போட்டு, மாத்திரை உறையில் சொன்ன நேரம் காத்திருந்து குடியுங்கள். மார்ச்சுக்குப் பிறகு பல தொட்டிகள் வற்றிவிடும்.

பருவமும் நேரமும்

அக்டோபர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறையில் பாசி படிந்திருக்கும், மேகம் இறங்கினால் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்தப் பசுமையின் அழகில் மயங்கித்தான் பலர் விழுகிறார்கள். மழைக்காலத்தில் டேக்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபரில் புல் இடுப்பளவு நின்று பாதையை மூடியிருக்கும். முழுநீளக் காலுறை போடுங்கள், கல்லும் தெரியாது பாம்பும் தெரியாது. மார்ச் முதல் மே வரை விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் கீழே இருக்க வேண்டும்.

டிசம்பரில் சூரியன் உதிக்க ஏழு மணியாகிவிடும். ஐந்தரைக்குத் தொடங்கினால் தலைவிளக்கு வேண்டும், 200 லூமென்ஸாவது. ஞாயிற்றுக்கிழமை சிங்ககட் பாதையில் எட்டு மணிக்கு மேல் ஓட இடம் இருக்காது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் ஏறும். அப்போது நடங்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

கோட்டைப் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெரிய கூடு கட்டுகின்றன. வாசனைத் திரவியம், புகை, கூச்சல் அவற்றைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாதீர்கள். தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, பள்ளம் இல்லாத பக்கமாக விலகி ஓடுங்கள். கொடுக்குகளை நகத்தால் சீக்கிரம் சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை. ஆம்புலன்ஸ் 108, பொது அவசர எண் 112.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக் கொண்டு இறங்குங்கள். விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைதான் ஒரே தீர்வு. வாடி நாய்கள் ஓடுபவரைத் துரத்தும். நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இடி கேட்டால் முகட்டையும் கொத்தளத்தையும் விட்டு உடனே கீழிறங்குங்கள்.

கணுக்கால் புரண்டால் நான்கு அடி எடுத்து வைத்துப் பாருங்கள். எடை தாங்கவே முடியாவிட்டால் எலும்பு முறிவாக இருக்கலாம். உட்கார்ந்து உதவி கேளுங்கள். நடக்க முடிந்தால் ஷூவைக் கழற்றாமல் அதன்மேலேயே கிரேப் பேண்டேஜ் சுற்றி மெல்ல இறங்குங்கள். கழற்றினால் வீங்கிவிடும், மறுபடி போட முடியாது.

கோட்டைக்குள்

1665 புரந்தர் உடன்படிக்கையில் சிவாஜி முகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைகளில் சிங்ககட்டும் ஒன்று. 1670-இல் அவருடைய தளபதி தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து அதை மீட்டார். உள்ளே தானாஜியின் நினைவிடம் இருக்கிறது. மக்கள் செருப்பைக் கழற்றி வணங்கும் இடம். அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடிக் கடப்பது தவறு. மதில்மேல் ஓடாதீர்கள்: நானூறு ஐந்நூறு ஆண்டுக்கால மதில்களின் மேல்வரிசைக் கற்கள் பலவற்றுக்குப் பிடிப்பு போய்விட்டது. பெயர்ந்தால் உங்களுக்கும் கீழே வருபவருக்கும் ஆபத்து, மதிலுக்கும் நிரந்தரக் கேடு. வழி அடையாளத்துக்குப் பெயிண்ட் அடிப்பதோ அம்புக்குறி கீறுவதோ கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள கோட்டைகளுக்கு நுழைவு நேரமும் கட்டணமும் உண்டு, விடியலுக்கு முன் போக நினைப்பவர்கள் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். குப்பையைப் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள், வழியில் கிடக்கும் இன்னொருவர் பாட்டிலையும் சேர்த்து.

முடித்த பிறகு

கீழே வந்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். நனைந்த சட்டையை மாற்றுங்கள். டிசம்பர்க் காற்றில் ஈரச் சட்டையோடு ஜீப்பின் பின்னால் நின்று வந்தால் நடுக்கம் பிடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் சோறோ பாக்ரியோ, பருப்போடு. அடுத்த நாள் ஓட்டம் இல்லை, அரை மணி நடை. இறங்கும்போது முட்டியின் வெளிப்பக்கத்தில் கூர்மையாக வலித்திருந்தால் அது வெறும் தசை வலி அல்ல. வலி போகும்வரை இறக்கமே வேண்டாம், சமதளம் மட்டும்.

ராஜ்கட்–தோரணா முகட்டை நிதானமாக முடிக்க முடிந்தவர்களுக்கு அடுத்த படி, சிங்ககட்டையும் சேர்த்து மூன்று கோட்டைகளையும் ஒரே ஓட்டத்தில் இணைப்பது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் டிசம்பர் மாதம் அல்ட்ரா போட்டி நடக்கிறது; அதே போட்டியில் 11, 25 கிலோமீட்டர் பிரிவுகளும் உண்டு. எட்டு வாரப் பயிற்சியை ஒழுங்காக முடித்தவர் 11-க்குப் பெயர் கொடுக்கலாம். 25-ஐ அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.